மேக்பெத் நாடகத்தை வைத்து உவமையும் உருவகமும் கற்பிப்பது எப்படி?

மதிமுகம் என்றால் உவமை, முகமதி என்றால் உருவகம் என்று பதினொன்றாம் வகுப்பு மாணவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். அந்த முகத்தை மதி என்று சொன்னவர் யார், யாரிடம் சொன்னார், சொன்ன நேரத்தில் அவர் மனம் எந்த நிலையில் இருந்தது என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். அணிகளை நாம் ஓரடி, ஈரடி எடுத்துக்காட்டுகளாகப் பிய்த்தெடுத்துக் கற்பிப்பதால் வருகிற குறை இது. பேசுகிறவரையும் பேசும் நேரத்தையும் விட்டுப் பிரித்த உவமை, இலக்கணக் குறிப்புக்கு விடையாகப் பயன்படுமே தவிர, கவிதையைப் படிக்கும் கண்ணைத் தராது.

நாடகம் இந்தக் குறையைத் தீர்க்கும். நாடகத்தில் ஒவ்வொரு உவமையும் ஒரு மனிதரின் வாயிலிருந்து, ஒரு குறிப்பிட்ட நெருக்கடியில் வருகிறது. துன்பியல் நாடகமாக இருந்தால், முதல் அங்கத்தில் பெருமிதத்தோடு சொல்லப்பட்ட அதே படிமம் (சொல் மனக்கண்ணில் எழுப்பும் காட்சி) கடைசி அங்கத்தில் வேறு பொருளோடு திரும்பி வருவதையும் மாணவர்கள் பார்க்கலாம். இந்த நோக்கத்துக்கு ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தைப் போல் உதவும் நாடகம் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. 1606ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டு, 1623இல் வெளிவந்த தொகுப்பில் முதன்முதலாக அச்சேறிய இந்த நாடகம், அவருடைய துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது. பத்துப் பன்னிரண்டு வகுப்புகளுக்குள் முக்கியமான காட்சிகளை முடித்துவிடலாம். குருதி, நீர், ஆடை, தூக்கம், பறவை, விளக்கு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில படிமங்களே தொடக்கம் முதல் இறுதி வரை திரும்பத் திரும்ப வருகின்றன. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பாளையங்கோட்டையிலோ சேரன்மகாதேவியிலோ நாங்குநேரியிலோ இருக்கும் ஒரு வகுப்பில், ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்தோ தனித்தனியாகவோ இதை எப்படி நடத்தலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

கதையை முதலில் சொல்லிவிடுங்கள்

கதை முடிவை மறைத்து வைத்துச் சுவை கூட்ட வேண்டிய தேவை இல்லை. முதல் வகுப்பின் பாதி நேரத்தில் முழுக் கதையையும் சொல்லிவிடலாம். ஸ்காட்லாந்தின் வீரத் தளபதி மேக்பெத்திடம், அவன் அரசன் ஆவான் என்று மூன்று சூனியக்காரிகள் சொல்கிறார்கள். மன்னன் டங்கன் அவன் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறான். மனைவியின் தூண்டுதலால் மேக்பெத் அவனைத் தூங்கும்போது கொன்று முடி சூடுகிறான். பிறகு நண்பன் பாங்கோவைக் கொல்விக்கிறான். மேக்டஃப் என்பவனின் மனைவி மக்களையும் கொல்விக்கிறான். மனைவி தூக்கத்தில் நடந்து புலம்பி இறக்கிறாள். இறுதியில் மேக்டஃப் அவனைக் கொல்கிறான். இவ்வளவுதான் கதை.

கதை தெரிந்துவிட்டால் ஆர்வம் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். சுடலைமாடன் கோவில் கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்கும் கூட்டத்தில் கதை தெரியாதவர் யாரும் இல்லை. அவர்கள் சொல்லும் முறையைக் கேட்க உட்கார்ந்திருக்கிறார்கள். மாணவர்களிடம் இதை நேராகவே சொல்லலாம்: என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும், எந்தச் சொல்லால் அது நமக்குக் காட்டப்படுகிறது என்பதையே இனிப் பார்க்கப் போகிறோம்.

வாய்விட்டுப் படித்தல்

அடுத்தது ஓசை. தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. வண்ணார்பேட்டையில் தம் வீட்டில் கூட்டிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில் கம்பனை வாய்விட்டுப் படித்துக் காட்டித்தான் கேட்டவர்களைக் கவிதைக்குள் இழுத்தார் என்பது இந்த ஊருக்குத் தெரிந்த செய்தி. விளக்கம் சொல்வதற்கு முன் பாட்டு காதில் விழ வேண்டும் என்ற அந்த முறை, ஷேக்ஸ்பியருக்கும் அப்படியே பொருந்தும்.

வகுப்பில் இதற்கு வில்லுப்பாட்டின் அமைப்பையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாணவர் புலவராக இருந்து பகுதியைப் படிக்கட்டும். மற்றவர்கள் பின்பாட்டுக்காரர்களாக, கண்ணுக்குக் காட்சி தருகிற சொல் வரும்போது மட்டும் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லட்டும். முதல் முறை தடுமாற்றமாக இருக்கும். எந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இரண்டாம் முறை படிக்கும்போது வகுப்பே சேர்ந்து அண்டங்காக்கை, கோட்டை, இரவு, புகை, கத்தி என்று சொல்லத் தொடங்கிவிடும். எது படிமம் என்று கண்டுபிடிக்கும் வேலையை இலக்கணம் தொடங்கும் முன்பே காது செய்து முடித்துவிடுகிறது. ஆங்கில மூலத்தை ஒரு முறை, தமிழ் உரைநடையில் ஒரு முறை என்று படிப்பது நல்லது. விடையை மாணவர் எந்த மொழியில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். இங்கே சோதிக்கப்படுவது உவமையைப் புரிந்துகொள்ளும் திறன்தான்.

ஆடையைத் தொடர்ந்து போதல்

இந்த முறையின் உயிர்நாடி, ஒரே படிமத்தை நாடகம் முழுவதும் தொடர்ந்து போவது. ஆசிரியர் ஒரு படிமத்தைத் தாமே செய்து காட்டிவிட்டு, மற்றவற்றைக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். செய்து காட்டுவதற்கு ஆடைப் படிமம்தான் ஏற்றது. அதை முதலில் பார்ப்பவர்களுக்கு அது படிமம் என்றே தோன்றாது. சேர்த்துப் பார்த்தால் மறக்கவே முடியாது. கரோலின் ஸ்பர்ஜன் என்ற ஆய்வாளர் 1935இல் ஷேக்ஸ்பியரின் படிமங்களைத் தொகுத்து ஆராய்ந்தபோது, மேக்பெத்துக்குப் பொருந்தாத ஆடை என்னும் இந்தத் தொடரைத் தனியே எடுத்துக் காட்டினார்.

கரும்பலகையில் இடங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். முதல் அங்கத்தில், காடர் பிரபு என்ற பட்டம் உனக்கு வந்துவிட்டது என்று தூதர்கள் சொன்னதும் மேக்பெத் கேட்கிறான்: காடர் பிரபு உயிரோடு இருக்கும்போது எனக்கு ஏன் இரவல் ஆடையை உடுத்துகிறீர்கள்? அதே காட்சியில் பாங்கோ, புதுப் பெருமைகள் புதுத்துணி போல, உடுத்தி உடுத்திப் பழகினால்தான் உடம்போடு படியும் என்கிறான். கொலைக்கு முந்திய காட்சியில் மேக்பெத், மக்களிடம் நான் வாங்கிய நற்பெயர் பொன்னாடை போன்றது, அதன் புதுமெருகு குலையாமல் உடுத்த வேண்டும், இவ்வளவு சீக்கிரம் கழற்றி எறியக் கூடாது என்ற கருத்தில் பேசித் தயங்குகிறான். மனைவி உடனே அவன் சொல்லையே பிடித்துக்கொண்டு, நீ உடுத்தியிருந்த நம்பிக்கை குடித்துவிட்டா கிடந்தது என்று கேட்கிறாள். டங்கன் இறந்து மேக்பெத் முடிசூடப் போகும்போது மேக்டஃப், பழைய ஆடைகள் புதியவற்றைவிட வசதியாக இருந்தன என்று ஆகிவிடக் கூடாதே என்கிறான். ஐந்தாம் அங்கத்தில், அவனை எதிர்த்து வரும் பிரபு ஒருவன், ஒரு குள்ளத் திருடன்மேல் கிடக்கும் அரக்கனின் அங்கியைப் போல் அரச பட்டம் அவன்மேல் தொளதொளவென்று தொங்குகிறது என்கிறான்.

இப்போது நோட்டில் நான்கு பத்திகள் போடச் சொல்லுங்கள். பேசியவர் யார், கேட்டவர் யார், கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகியவற்றில் எந்தப் புலனுக்கு அந்தச் சொல் தீனி போடுகிறது, சென்ற முறை இந்தப் படிமம் வந்தபோது இருந்ததற்கும் இப்போதைக்கும் என்ன வேறுபாடு. நான்காம் பத்திதான் முக்கியம். முதல் மூன்றை எந்த மாணவரும் நிரப்பிவிடுவார். நான்காவதை நிரப்பும்போதுதான் துன்பியல் நாடகம் புரியத் தொடங்குகிறது. முதலில் ஆடை இரவல் என்று சொன்னவன் மேக்பெத்தேதான், அப்போது அவனிடம் நேர்மை இருந்தது. கடைசியில் அதைச் சொல்கிறவர்கள் பிறர். அவன் அந்தக் காட்சியில் இல்லவே இல்லை. தன் அளவு தனக்குத் தெரிந்த மனிதன், தன் அளவைப் பிறர் பேசும் நிலைக்கு வந்துவிட்டான். இதை ஆசிரியர் சொல்லிவிடாமல் மாணவர்களே பத்தியிலிருந்து கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அந்த அமைதி சற்று நீண்டாலும் பரவாயில்லை.

படம் வரையச் சொல்வதும் இங்கே உதவும். குள்ளனையும் அங்கியையும் வரையும்போது, அங்கியின் கை எங்கே முடிகிறது, விளிம்பு தரையில் இழுபடுகிறதா, அவன் அதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறானா என்று மாணவர்கள் தாமாகவே முடிவு செய்ய வேண்டியிருக்கும். திருடன் என்ற சொல்லை வரையாமல் விட்டவரிடம், இவன் குள்ளன் மட்டும்தானா என்று கேளுங்கள்.

இதற்குப் பிறகுதான் இலக்கணத்தை எடுக்க வேண்டும், எடுக்கும்போது தொல்காப்பியத்தையே எடுக்கலாம். ‘வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்’ என்ற நூற்பா, ஓர் உவமை எதன் அடிப்படையில் நிற்கிறது என்று சொல்ல நான்கு வழிகளைத் தருகிறது: செயல், பயன், வடிவம், நிறம். அரக்கனின் அங்கி வடிவத்தால் வந்த உவமை. என் வாழ்க்கை பழுத்த மஞ்சள் இலையாகிவிட்டது என்று மேக்பெத் ஐந்தாம் அங்கத்தில் சொல்வது நிறத்தால் வந்தது. தூக்கத்தைப் புண்ணுக்கு இடும் தைலம் என்பது பயனால் வந்தது. மாணவர் தாம் சேர்த்த ஒவ்வொரு படிமத்துக்கும் பக்கத்தில் இந்த நான்கில் ஒன்றை எழுத வேண்டும். இரண்டு பொருந்தும் என்று வாதிட்டால் இரண்டையும் எழுதட்டும். மஞ்சள் இலை நிறம் மட்டும்தானா, உதிரப் போகிறது என்ற வினையும் அதில் இல்லையா என்று வகுப்பில் ஒரு சண்டை கிளம்பினால் அந்த நாள் வெற்றி.

கொலை நடந்த இரவு

நாடகம் முழுவதையும் ஒரே வேகத்தில் நடத்த வேண்டியதில்லை. இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சிக்கு இரண்டு முழு வகுப்புகள் கொடுங்கள். கொலை மேடையில் நடக்காது. கொலை செய்து வந்த கைகளோடு கணவனும் மனைவியும் இருட்டில் கிசுகிசுக்கிறார்கள். பார்வையாளர்கள் கொலையைப் பார்ப்பதெல்லாம் அவர்கள் பேசும் படிமங்களின் வழியாகத்தான்.

முதலில் தூக்கம். ‘இனித் தூங்காதே, மேக்பெத் தூக்கத்தைக் கொல்கிறான்’ என்று ஒரு குரல் கேட்டதாக அவன் சொல்கிறான். உடனே தூக்கத்துக்கு அடுக்கடுக்காக ஆறு உருவகங்கள் வருகின்றன. சிக்கு விழுந்த கவலை நூலைச் சீராக்கும் தூக்கம். ஒவ்வொரு நாள் வாழ்வுக்கும் வருகிற சாவு. உழைத்துச் சோர்ந்த உடம்புக்குக் குளியல். அடிபட்ட மனத்துக்குத் தைலம். இயற்கை இரண்டாவதாகப் பரிமாறும் உணவு. வாழ்க்கை விருந்தில் உயிர் வளர்க்கும் முதல் பண்டம். ஆறையும் ஆறு மாணவர்களுக்குக் கொடுத்து, ஒவ்வொருவரும் அதை உண்மையில் பார்த்த இடத்தைச் சொல்லச் சொல்லுங்கள். வீரவநல்லூர்ப் பக்கம் தறி உள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சிக்கு நூல் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு முடிச்சு அவிழாமல் எவ்வளவு நேரம் வீணாகும் என்று அவரே சொல்வார். வயல் வேலை முடித்துக் கன்னடியன் கால்வாயில் மூழ்கி எழுந்தவரைப் பார்த்த பிள்ளைக்கு, தூக்கத்தைக் குளியல் என்று சொன்னவன் எதை இழந்துவிட்டான் என்பது உடம்பிலேயே தெரியும்.

அதன் பிறகு ஒரு கேள்வி: ஒரே ஒரு உருவகம் போதாதா, ஏன் ஆறு? பல வகையான விடைகள் வரும். அவன் பதற்றத்தில் நிறுத்த முடியாமல் பேசுகிறான் என்பது ஒரு விடை. தூக்கம் போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் அதன் அருமை தெரிகிறது என்பது இன்னொன்று. மனைவி இடையில் ‘என்ன சொல்கிறாய்?’ என்று கேட்பதைக் கவனித்த மாணவர், அவளுக்கு இந்தப் பேச்சு விளங்கவே இல்லை என்பார். அந்தக் கடைசி விடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடக்கப் போகிறவள் அவள்தான்.

அடுத்து நீர். மேக்பெத் தன் கையைப் பார்த்துக் கேட்கிறான்: கடல் தெய்வம் நெப்டியூனின் பெருங்கடல் முழுவதும் சேர்ந்தால் இந்தக் குருதியைக் கையிலிருந்து கழுவிவிடுமா? இல்லை, இந்தக் கைதான் கடல்களையெல்லாம் சிவக்க வைத்து, பச்சைக் கடலை ஒரே சிவப்பாக்கிவிடும். சில வரிகளுக்குள் மனைவி வந்து, தன் கையும் அதே நிறம்தான் என்று காட்டிவிட்டு, கொஞ்சம் தண்ணீர் போதும், இந்தச் செயலிலிருந்து நாம் சுத்தமாகிவிடலாம் என்கிறாள். உயர்வு நவிற்சி அணிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். ஆனால் அணியின் பெயரை எழுதிவிட்டு நகர்ந்தால் எல்லாம் போயிற்று. வகுப்பில் நடந்த பேச்சு ஒன்றைத் தருகிறேன்.

“கடல் எங்கே, ஒரு கை இரத்தம் எங்கே? பொய்தானே இது?” என்று நான் கேட்டேன்.

கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர், “பொய்யில்ல சார். அவனுக்கு அப்படித் தெரியுது. அந்தம்மாவுக்கு ஒரு செம்புத் தண்ணி போதும்னு தெரியுது. ரெண்டு பேரும் ஒரே கையத்தான் பாக்காங்க” என்றார்.

“அப்போ யாரு சொல்லுதது சரி?” என்று பக்கத்திலிருந்த மாணவி அவரையே கேட்டார்.

“கடைசிவரைக்கும் படிச்சாத்தான் தெரியும்.”

அந்த விடை ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியில் இருக்கிறது. தூக்கத்தில் நடந்தபடி கையைத் தேய்த்துத் தேய்த்து, இங்கே இன்னும் இரத்த வாடை அடிக்கிறது, அரேபியாவின் வாசனைத் திரவியங்கள் எல்லாம் சேர்ந்தாலும் இந்தச் சின்னக் கையை மணக்கச் செய்யாது என்கிறாள் அவள். கணவன் சொன்ன கடலுக்கு ஈடாக அவள் இப்போது அரேபியாவைச் சொல்கிறாள். கண்ணில் தெரிந்த குருதி இப்போது மூக்கில் ஏறுகிறது. மூன்றாம் பத்தியில் புலனை எழுதச் சொன்னதன் பயன் இந்த இடத்தில் தெரியும். நிறம் கழுவினால் போகலாம், வாடை போகாது என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில், மூன்றாம் அங்கத்தின் விருந்துக் காட்சி முடிவில் மேக்பெத் சொல்லும் ஒரு வரியை விடக் கூடாது. குருதிக்குள் இவ்வளவு தூரம் இறங்கிவிட்டேன், இனி மேலே போகாமல் நின்றாலும், திரும்பிப் போவது அக்கரை போவதைப் போலவே சிரமம்தான் என்கிறான். குருதி இங்கே கறையாக இல்லை, ஆறாகிவிட்டது. குறுக்குத்துறையில் ஆற்றுக்கு நடுவே இருக்கும் முருகன் கோவிலையும் தாமிரபரணியில் இறங்கி நடப்பதையும் அறிந்த பிள்ளைகளிடம், தண்ணீர் எந்த அளவு இருக்கும்போது ஒருவர் இப்படிப் பேசுவார் என்று கேளுங்கள். கணுக்கால் அளவில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள், கழுத்தளவில் பேச முடியாது. இடுப்பளவு, இழுப்பு இருக்கும் இடம், நடு ஆறு என்பார்கள். அப்படியானால் மேக்பெத் திரும்பியிருக்க முடியுமா என்ற கேள்வி தானாக எழும். அக்கரையில் அவனுக்கு என்ன இருக்கிறது என்று அவன் சொல்லவே இல்லை என்பதையும் யாராவது ஒருவர் கவனிப்பார். செயலால் வந்த உவமை எவ்வளவு ஆழமாக ஒரு மனத்தைக் காட்டும் என்பதற்கு நான் எப்போதும் நம்பும் இடம் இது.

ஓர் எச்சரிக்கை. வன்முறையில் ஒருவரை இழந்த வீட்டுப் பிள்ளை நம் வகுப்பில் இருக்கக்கூடும். நம் மாவட்டத்தில் அதை மறந்துவிட்டு நடத்த முடியாது. நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள் என்று குருதியைப் பற்றி ஒருபோதும் கேட்க வேண்டாம். நூலும் ஆறும் குளியலும் சொந்த அனுபவத்திலிருந்து வரட்டும். குருதி நாடகத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

கூடு கட்டிய வீடும் மதுரைக் கொடியும்

பறவைப் படிமம் தமிழாசிரியருக்கு மிகவும் பயன்படும். டங்கன் வரப்போகிறான் என்று செய்தி வந்ததும் மேக்பெத்தின் மனைவி, என் கோட்டைக்குள் டங்கன் சாவை நோக்கி நுழைவதைக் கரைந்து சொல்லும் அண்டங்காக்கைக்கே தொண்டை கட்டிப்போயிற்று என்கிறாள். அடுத்த காட்சியிலேயே டங்கன் கோட்டை வாசலில் நின்று, இந்த இடத்தின் காற்று எவ்வளவு இனிமையாக இருக்கிறது என்று வியக்கிறான். பாங்கோ, கோவில்களை நாடும் தகைவிலான் குருவி இங்கே சுவரெல்லாம் கூடு கட்டியிருக்கிறது, அது குஞ்சு பொரிக்கும் இடத்தில் காற்று நல்லதாக இருக்கும் என்று சேர்ந்து புகழ்கிறான். அதே வாசல், இரண்டு பறவைகள்.

கூந்தன்குளம் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பேசவிடுங்கள். வீட்டு மரத்தில் பறவை கூடு வைத்தால் அதை ஊருக்கு நல்ல அறிகுறியாக எண்ணிக் காக்கும் ஊர் அது. கூடு என்றால் நம்பிக்கை, அடைக்கலம் என்பது அவர்கள் அறிந்தது; அந்த நம்பிக்கையோடு விருந்தாளி உள்ளே போகிறான் என்பதுதான் அந்தக் காட்சியின் கொடுமை. பின்னால் நான்காம் அங்கத்தில் மேக்டஃபின் மனைவி, பறவைகளில் மிகச் சிறிய குருவிகூடத் தன் கூட்டுக் குஞ்சுகளுக்காக ஆந்தையோடு போராடும் என்கிறாள். அவள் குழந்தைகளோடு கொல்லப்பட்ட செய்தியைக் கேட்ட மேக்டஃப், ‘என் அருமைக் குஞ்சுகளும் தாய்க்கோழியும் ஒரே பாய்ச்சலிலா?’ என்று கதறி, கொன்றவனை நரகத்துப் பருந்து என்கிறான். பருந்து குஞ்சைத் தூக்கியபோது தாய்க்கோழி எழுப்பும் ஓலத்தைக் கேட்டவர்களுக்கு இந்த வரி காதில் கேட்கும்.

இந்த இடத்தில் சிலப்பதிகாரத்தைத் திறக்கலாம். தற்குறிப்பேற்ற அணிக்கு நாம் வழக்கமாகக் காட்டும் ‘போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ என்னும் அடிகள் புறஞ்சேரி இறுத்த காதையில் வருகின்றன. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையப் போகிறார்கள்; காற்றில் இயல்பாக அசையும் கொடி, வராதீர்கள் என்று கைகாட்டுவது போல் அசைகிறது என்கிறார் இளங்கோ. அங்கும் ஒரு வாசல், அங்கும் உள்ளே சாவு. காகம் தன் இயல்பால் கரைகிறது, கொடி தன் இயல்பால் அசைகிறது. அந்த இயல்பின்மேல் ஒரு குறிப்பு ஏற்றப்படுகிறது.

ஒற்றுமையோடு நின்றுவிடாமல் வேறுபாட்டைக் கேட்க வேண்டும். கொடியின்மேல் குறிப்பை ஏற்றியவர் காப்பியத்தைச் சொல்லும் கவிஞர். அந்தத் தம்பதிமேல் அவருக்குள்ள இரக்கம் அதில் தெரிகிறது. காகத்தின்மேல் குறிப்பை ஏற்றியவள் கொலைக்குத் திட்டமிடுகிறவள். அவளுடைய வேட்கை அதில் தெரிகிறது. நாடகத்தில் கவிஞர் தம் குரலில் பேசுவதே இல்லை. அதனால் ஒவ்வோர் அணியும் அதைச் சொன்ன பாத்திரத்தின் மனத்துக்குச் சாட்சியாகிறது. தற்குறிப்பேற்றம் என்ற பெயரிலுள்ள அந்தக் குறிப்பு யாருடையது என்று கேட்கப் பழகிய மாணவர், அதன்பின் எந்த நூலைத் திறந்தாலும் அந்தக் கேள்வியோடுதான் திறப்பார்.

வீட்டுப் பேச்சிலிருந்து

என் மனம் முழுவதும் தேள்கள், அன்பு மனைவியே என்று மூன்றாம் அங்கத்தில் மேக்பெத் சொல்கிறான். திருடனுக்குத் தேள் கொட்டியது போல என்ற பழமொழியை வகுப்பில் யாராவது உடனே சொல்லிவிடுவார்கள். கொட்டுப்பட்ட திருடன் வலிக்கிறது என்று கத்த முடியாது; கத்தினால் பிடிபடுவான். மேக்பெத்தும் ஊரறியக் கத்த முடியாது, மனைவியிடம் மட்டும் சொல்கிறான், அவளிடமும் பாங்கோவைக் கொல்ல ஆள் வைத்ததை மறைத்துவிடுகிறான். பழமொழியில் தேள் வெளியே இருந்து கொட்டுகிறது. இங்கே உள்ளேயே குடியிருக்கிறது. இந்த ஒப்பீட்டைச் செய்தபின், வயிற்றில் புளியைக் கரைத்தது, நெஞ்சில் ஈரம் இல்லை என்று வீட்டில் பெரியவர்கள் அன்றாடம் சொல்லும் தொடர்களைச் சேகரித்து வரச் சொல்லலாம். சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோனதால் உருவகம் என்றே தெரியாத தொடர்கள் இவை. நாடகத்தைப் படித்த கண்ணோடு பார்க்கும்போது மறுபடி உயிர்பெறும். ஆச்சியிடம் கேட்டு எழுதி வருகிறவர்கள்தான் நல்ல தொடர்களைக் கொண்டுவருகிறார்கள்.

சூனியக்காரிகளின் கொப்பரைக் காட்சியை ஒரு முறை படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அது மேடைக்குச் சுவை, ஆனால் படிமப் பயிற்சிக்குக் குறைவாகவே உதவும்.

எழுதவைத்தலும் மதிப்பிடுதலும்

நாடகத்தைப் படித்து முடித்ததும் மாணவர்கள் எழுத வேண்டும். ஒவ்வொரு குழுவும் தன் படிமத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதட்டும். ஆனால் பட்டியலாக எழுதக் கூடாது, முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடையில் அந்தப் படிமத்துக்கு என்ன நேர்ந்தது என்பதையே எழுத வேண்டும். அதன்பின் தனித்தனியாக ஒரு சிறு பயிற்சி: தேரிக்காடு, பனை, ஆறு, தறி, கொடைத் தீப்பந்தம் என்று தமக்குத் தெரிந்த ஒன்றை எடுத்து, நாடகத்திலுள்ள ஒரு பாத்திரத்தின் வாயில் ஓர் உவமையாக வைக்க வேண்டும். உவமை அழகாக இருக்கிறதா என்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள். அந்தப் பாத்திரம் அந்த நேரத்தில் அதைச் சொல்லுமா என்பதற்குப் போடுங்கள். தேரி மணல் காற்றில் இடம் மாறுவதை மேக்பெத்தின் அரியணைக்கு உவமையாக்கி, அதை அவன் வாயில் வைக்காமல் அவனை விட்டு ஓடும் வீரன் ஒருவன் வாயில் வைத்த மாணவர் பாடத்தை முழுமையாகப் புரிந்துகொண்டவர்.

விளக்குப் படிமத்தை எந்தக் குழுவுக்கும் கொடுக்காமல் தேர்வுக்காக ஒதுக்கி வையுங்கள். மனைவி இறந்த செய்தி வந்ததும் மேக்பெத், ‘அணைந்து போ, அணைந்து போ, சிறு மெழுகுத்திரியே; வாழ்க்கை நடந்து செல்லும் நிழல், மேடையில் தன் நேரத்துக்குக் குதித்துத் துடித்துவிட்டுப் பிறகு குரலே கேட்காமல் போகும் ஏழை நடிகன்’ என்று பேசுகிறான். இந்தப் பகுதியை விடைத்தாளில் கொடுத்து, அணியின் பெயரைக் கேட்காமல், இந்தத் திரி இதற்கு முன் நாடகத்தில் எங்கெல்லாம் எரிந்தது என்று கேளுங்கள். கொலை நாளின் இரவில் வானத்தில் மெழுகுத்திரிகளெல்லாம் அணைந்துவிட்டன, அங்கே சிக்கனம் போலும் என்று பாங்கோ சொன்னதையும், ‘விண்மீன்களே, உங்கள் தீயை மறையுங்கள், என் கரிய ஆசைகளை ஒளி பார்க்கக் கூடாது’ என்று மேக்பெத் அதற்கும் முன்பே வேண்டியதையும், தூக்கத்தில் நடந்த மனைவி தன் பக்கத்தில் எப்போதும் விளக்கு எரிய வேண்டும் என்று கட்டளையிட்டிருந்ததையும் எழுதியவருக்கு முக்கால் பங்கு மதிப்பெண் கொடுக்கலாம். ஒளியை அணையச் சொன்னவன் அவன், ஒளி வேண்டும் என்று கேட்டவள் அவள், இப்போது அணைந்த திரி அவளுடையது என்று இவற்றை இணைத்தவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள், உருவக அணி என்ற பெயரை அவர் எழுத மறந்திருந்தாலும் கூட.